எச்பி 334ஏ காட்டுவது ஆம்பின் டிஸ்டார்ஷனா, ஜெனரேட்டருடையதா?

சாலிடர்மணம்:
பெஞ்சில் எச்பி (ஹியூலெட்-பேக்கார்ட்) 334ஏ டிஸ்டார்ஷன் அனலைசர் இருக்கிறது, கொடுத்த அடிப்படை அலையை நீக்கிவிட்டு மிச்சத்தைச் சதவீதமாகக் காட்டும் மீட்டர். அனலாக் ஃபங்ஷன் ஜெனரேட்டரை 1 கிலோஹெர்ட்ஸில் வைத்து நேராக அதில் கொடுத்தால் 0.12% காட்டுகிறது. நடுவில் ஆம்பைப் (ஆம்ப்ளிஃபையரை) போட்டு, 8 ஓம் லோடில் 2.83 வோல்ட், அதாவது 1 வாட் எடுத்தால் 0.15%. அப்படியென்றால் ஆம்பின் பங்கு 0.03% என்று எடுத்துக்கொள்ளலாமா? மீட்டர் சொல்வது சரிதானா என்பதை லேபுக்கு அனுப்பாமல் எப்படிப் பார்ப்பது?

ஓம்_விதி:
கழிக்காதீர்கள் சார். ஜெனரேட்டரின் இரண்டாம் ஹார்மானிக்கும் (அடிப்படை அலைவெண்ணின் இரு மடங்கில் வரும் உபரி அலை) ஆம்பின் இரண்டாம் ஹார்மானிக்கும் அதே 2 கிலோஹெர்ட்ஸில்தான் விழுகின்றன. ஃபேஸ் ஒத்துப்போனால் கூடும், எதிராக இருந்தால் ஒன்றையொன்று அழிக்கும். ஒத்துப்போயிருந்தால் உங்கள் ஆம்ப் 0.03%. நேர் எதிராக இருந்தால் 0.27%. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுக்கவேண்டும், 0.09% வரும். இந்த மூன்றில் எது என்று அந்த ரீடிங்கை வைத்துச் சொல்லவே முடியாது.

கோளாறு ஜெனரேட்டரில். அந்த வகை ஜெனரேட்டர் முக்கோண அலையை டயோடுகளால் வளைத்துத்தான் சைன் செய்கிறது. அதில் 0.1%க்குக் கீழே இறங்குவது கஷ்டம். சின்ன பல்பை வைத்து வீச்சைக் கட்டுப்படுத்தும் வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர் ஒன்று செய்துகொள்ளுங்கள். 1939இல் எச்பி தன் முதல் ஆசிலேட்டரான 200ஏவில் வைத்தது அதே சர்க்யூட்தான், இன்றைக்கும் பெஞ்சுக்குப் போதும். ஆம்ப் இல்லாமல் எடுக்கும் நேரடி ரீடிங், அளக்கப்போகும் டிஸ்டார்ஷனில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும். மூன்றில் ஒரு பங்கு போதும் என்று சிலர் சொல்வது இரைச்சலுக்குத்தான் பொருந்தும், ஹார்மானிக்குக்குப் பொருந்தாது.

குறை_அலை:
மீட்டரைச் சோதிக்க இப்போது இருக்கும் ஜெனரேட்டரே போதும், கூட இன்னொன்று வேண்டும். தெரிந்த அளவு 'டிஸ்டார்ஷனை' நாமே கலந்து கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

பவர் போடும் முன் ஊசியின் மெக்கானிக்கல் ஜீரோவைப் பாருங்கள். பிறகு அரைமணி நேரம் சூடாகட்டும். முதல் ஜெனரேட்டர் 1 கிலோஹெர்ட்ஸ், 1 கிலோ ஓம் வழியாக. இரண்டாவது 2.1 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோ ஓம் வழியாக. இரண்டு ரெசிஸ்டரும் 1% மெட்டல் ஃபிலிம். சேரும் புள்ளியை அனலைசருக்குக் கொடுங்கள். இரண்டு ஜெனரேட்டரிலும் 1 வோல்ட் வையுங்கள். மலிவான மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியில் தப்பாகக் காட்டும். அதனால் 334ஏவையே வோல்ட்மீட்டராகப் போட்டு இரண்டையும் ஒரே ரேஞ்சில் சமமாக்குங்கள். தேவை விகிதம் மட்டுமே என்பதால் வோல்ட்மீட்டரின் சொந்தப் பிழை இங்கே அடிபட்டுப் போகும்.

சரியாக 2 கிலோஹெர்ட்ஸ் வைக்காததற்குக் காரணம் உண்டு. வைத்தால் முதல் ஜெனரேட்டரின் ஹார்மானிக்கோடு ஃபேஸ் விளையாட்டு மறுபடி வந்துவிடும். தள்ளி வைத்தால் வர்க்கமாக மட்டும் கூடும்.

இனி செட் லெவலில் ஊசியை 100%க்குக் கொண்டுவாருங்கள். உள்ளே வரும் சிக்னல் 0.3 வோல்ட்டாவது வேண்டும். பிறகு டிஸ்டார்ஷனுக்கு மாற்றி, அலைவெண் டயலையும் பேலன்ஸையும் மாறிமாறித் திருப்பி ஊசியை அடிக்குக் கொண்டுபோங்கள். இறங்க இறங்க ரேஞ்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். 3% ரேஞ்சில் ஏறக்குறைய 1% நிற்கவேண்டும்.

இரண்டாவதை 3.1, 10 கிலோஹெர்ட்ஸிலும் வைத்துப் பாருங்கள், ஊசி நகரக்கூடாது. அனலைசருக்குள் அடிப்படை அலையை நீக்கும் நாட்ச் ஃபில்டரின் ஃபீட்பேக் பலவீனமானால் அடிப்படை அலையோடு சேர்த்து இரண்டாம் ஹார்மானிக்கையும் தின்றுவிடும். ஃபீட்பேக்கே இல்லாத ட்வின்-டி வகை நாட்ச் ஃபில்டர் இரண்டாம் ஹார்மானிக்கை 9 டெசிபெல் குறைத்துக் காட்டும், மூன்றாவதை 5 டெசிபெல். வீட்டில் செய்த அனலைசர்களில் அதிகம் பேர் கவனிக்காத இடம் இது.

சாலிடர்மணம்:
செய்து பார்த்தேன். 2.1இல் 1.06% வருகிறது, 10இலும் அதேதான். 6% கூடுதல் என்று உள்ளே டிரிம் செய்யலாமா? ஆட்டோவில் போட்டால் ஊசி மெல்ல அலைகிறது, மேனுவலில் அலையவில்லை.

குறை_அலை:
டிரிம்மரைத் தொடாதீர்கள், உங்கள் மீட்டர் சரியாக இருக்கிறது! உங்கள் ஜெனரேட்டர்களின் அவுட்புட் 50 ஓம்தானே? அதையும் சேர்த்தால் 1050ஐ 1,00,050ஆல் வகுக்க 1.05%. ஜெனரேட்டரின் 0.12%ஐ வர்க்கமாகக் கூட்டினால் 1.056%. அதைத்தான் காட்டுகிறது. 600 ஓம் ஜெனரேட்டராக இருந்திருந்தால் 1.59% வந்திருக்கும், நல்ல மீட்டரைக் கெடுத்திருப்பீர்கள்.

334ஏவின் ஆட்டோ நல் (அடிப்படை அலையைத் தானாகவே நீக்கும் வசதி) உள்ளே பல்பும் ஃபோட்டோசெல்லும் வைத்து வேலை செய்கிறது. இரண்டும் வயதாகும். அதைப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு மேனுவலிலேயே அளங்கள்.

ஓம்_விதி:
இன்னொன்று. ஊசியை மட்டும் நம்பாதீர்கள், அனலைசரின் அவுட்புட்டை ஸ்கோப்பில் போடுங்கள், டிரிகரை ஜெனரேட்டரிலிருந்து எடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸே மிச்சமாகத் தெரிந்தால் நல் இன்னும் சரியாக விழவில்லை. சைன் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் முள்முள்ளாக நின்றால் ஆம்பின் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன், பயாஸைப் (அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் நிலை மின்னோட்டத்தை) பாருங்கள். டிரிகரோடு நிற்காமல் மெதுவாக ஊர்ந்தால் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் ஹம்மாக இருக்கும். ஜெனரேட்டருக்கும் அனலைசருக்கும் தனித்தனி எர்த் போவதால் வரும் லூப்தான் பெரும்பாலும் காரணம். இரண்டையும் ஒரே பிளக் போர்டில் போடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் அளக்கும்போது ஹைபாஸ் ஃபில்டரைப் போட்டால் ஹம் போய்விடும். ஆனால் 100 ஹெர்ட்ஸில் அளக்கும்போது போட்டால் ஹார்மானிக்கும் சேர்ந்து போய்விடும்.

அடர்ந்த பஞ்சு மாதிரி தெரிந்தால் இரைச்சல். 334ஏ சராசரியை அளந்து ஆர்எம்எஸ் ஸ்கேலில் காட்டும் மீட்டர், வெறும் இரைச்சலை 11% குறைத்துக் காட்டும். வேறு ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

கிளாஸ்-டி அல்லது பிரிட்ஜ் ஆம்ப் வந்தால் ஸ்பீக்கர் முனையில் அனலைசரின் எர்த்தை மாட்டவே மாட்டாதீர்கள். பெரும்பாலும் இரண்டு முனையுமே ஹாட், அவுட்புட் ஸ்டேஜ் போய்விடலாம்.