உணவு சப்ளை கம்பெனியில் இன்ஃப்ரா வேலை: போகலாமா?

சிறுசேரி88:
ஐந்து வருடமாக ஒரு சர்வீஸ் கம்பெனியில் நெட்வொர்க் சப்போர்ட். எல்லாம் ரிமோட்தான், ஒரு நெட்வொர்க் ஸ்விட்சைக் கையால் தொட்டே மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஒரகடம் பக்கம் ஓட்டல்களுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் பால், பன்னீர், ஃப்ரோசன் ஐட்டம் சப்ளை செய்யும் இடத்தில் இன்ஃப்ரா இன்ஜினியர் (நெட்வொர்க், சர்வர், பிசி எல்லாம் பார்ப்பவர்) வேலை வந்திருக்கிறது. மூன்று குடோன், ஐடியில் என்னோடு சேர்த்து இரண்டே பேர். சம்பளம் கொஞ்சம் கூட. வீட்டில் "ஐடியை விட்டுட்டு பால் கம்பெனிக்கா?" என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள ஏதாவது இருக்குமா, பிரிண்டர் பார்த்தே காலம் போய்விடுமா?

கிளவுட்_கண்ணாடி:
பிரிண்டர்தான். பேசாமல் கிளவுட் படிங்க.

கோல்ட்ரூம்காரன்:
மேலே சொன்னவர் சொல்வது பாதி சரி. பிரிண்டர்தான். ஆனால் லேபிள் வராவிட்டால் லாரி கிளம்பாது, லாரிக்குள் பால் இருக்கும்.

இப்படி ஓர் இடத்தில் எட்டு வருடம் இருந்தேன். முதலில் பழக வேண்டியது நேரம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் பேட்ச் (சாஃப்ட்வேர் அப்டேட்) போட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே ராத்திரி இரண்டு முதல் ஐந்து வரைதான் உச்சம். நாங்கள் ஸ்விட்சை ரீபூட் செய்வது மத்தியானம் மூன்று மணிக்கு, லோடிங் ஆட்கள் தூங்கும்போது.

அப்புறம் வைஃபை. கோல்ட் ரூம் சுவர் பஃப் பேனல். இரண்டு பக்கமும் தகடு, நடுவில் ஃபோம். வெளியே மாட்டிய ஏபியின் (வைஃபை பெட்டி) சிக்னல் உள்ளே எட்டாது. சரி என்று உள்ளேயே மாட்டி, அறை காலியாக இருந்தபோது சிக்னல் சர்வே எடுத்து, பிரமாதம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். தீபாவளிக்குப் பாலும் தயிரும் கூரை வரை ஏறின. கடைசி இரண்டு வரிசையில் வைஃபையில் ஓடும் பார்கோடு ஸ்கேனர் செத்தது. பால் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தானே, அலையைக் குடித்துவிடும். அன்றிலிருந்து ஸ்டாக் நிறைந்த நாளில்தான் சர்வே.

மைனஸ் 18 ஃப்ரீசரிலிருந்து ஸ்கேனரை நம்ம ஊர் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்கப் பனி மூடிக்கொள்ளும். வாரம் நாலு "ஸ்கேனர் ரிப்பேர்" டிக்கெட் வரும். ரிப்பேரே இல்லை, துண்டால் துடைத்தால் படிக்கும். உள்ளே ஒரு செட், டாக்கில் (லாரியில் ஏற்றும் மேடை) ஒரு செட் என்று பிரித்த பிறகு நின்றது.

என் தப்பு ஒன்றையும் சொல்கிறேன். பன்னீர் லேபிள் அடிக்கும் பிசியில் சீமாஸ் பேட்டரி (கரண்ட் போனாலும் தேதியைக் காப்பது) போயிருந்தது. நான் கவனிக்கவில்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பிசி அணைந்து எழுந்தது, தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. பேக்கிங் அக்கா ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இது பொறக்கும்போதே எக்ஸ்பைரி ஆயிருச்சே" என்றார். அவர் பார்க்காவிட்டால்? எல்லாவற்றையும் உரித்து மறுபடி ஒட்ட காலை ஏழாகிவிட்டது. முப்பது ரூபாய் பேட்டரி.

வயர்_வாத்தியார்:
பிரிண்டர் வேலை என்று சிரிப்பவருக்கு: 2021 ஏப்ரலில் நெதர்லாந்தில் உணவைக் குடோனில் வைத்துக் கடைகளுக்கு அனுப்பும் பக்கர் லாஜிஸ்டிக் என்ற நிறுவனம் ரான்சம்வேரில் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) மாட்டியது. ஆல்பர்ட் ஹைன் சூப்பர் மார்க்கெட்டுகளில் சில நாள் சீஸ் தட்டுப்பாடு. சீஸ் குடோனில் பத்திரமாகத்தான் இருந்தது, எந்த ரேக்கில் என்று சொல்ல சிஸ்டம் இல்லை. 2025 ஜூனில் அமெரிக்காவில் யூஎன்எஃப்ஐ என்ற உணவு சப்ளை கம்பெனி சைபர் தாக்குதலில் சிக்கியபோது ஹோல் ஃபுட்ஸ் சூப்பர் மார்க்கெட்டுகள் பலவற்றில் அலமாரிகள் காலி. தம்பி, இன்டர்வியூவில் பேக்கப் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். எடைமேடை பிசியில் இன்னும் அந்தப் பழைய விண்டோஸ் 7 ஓடும், பந்தயம். அதைத் தனி விலானில் (நெட்வொர்க்குக்குள் தடுத்துப் பிரித்த பகுதி) தள்ளுவதுதான் முதல் வேலை.

சிறுசேரி88:
நன்றி அண்ணா. சேருவதற்கு முன் வேறு என்ன பார்க்கணும்?

கோல்ட்ரூம்காரன்:
ராத்திரி இரண்டரைக்கு டாக்கைப் பார்க்கணும் என்று கேளுங்கள். தயங்கினால் யோசியுங்கள். அந்த இன்னொரு ஐடி ஆள் கடைசியாக எப்போது லீவு எடுத்தார் என்று அவரையே தனியாகக் கேளுங்கள். ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க.

சிறுசேரி88:
வியாழன் ராத்திரி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்வெட்டர் இல்லை, ஊட்டிக்குப் போனபோது வாங்கிய குரங்குத் தொப்பி இருக்கிறது.