மின்சாரம் இல்லாத இடத்தில் 12 வோல்ட் பம்ப்: தூரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்களின் அனுபவங்கள்

மாதவரம் மனைக்காரன்

சித்தப்பாவின் மனையில் உறைகிணறு இருக்கிறது. எங்கள் மனை அதே தெருவின் மறுகோடி. நடுவே ஏறக்குறைய 100 மீட்டர். இரண்டிலும் மின் இணைப்பு கிடையாது. வைத்த தென்னையும் முருங்கையும் லாரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்துகொண்டிருந்தன. டீசல் பம்ப் வைத்தால் சத்தத்துக்கே தெரு சண்டைக்கு வரும். அதனால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிட்சி தெருவில் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப் ஒன்று வாங்கினேன். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்கும் அதே வகை. நிமிடத்துக்கு 5 லிட்டர், 5 ஆம்பியர் என்று சீட்டில் போட்டிருந்தது.

“பேட்டரி உங்கள் பக்கமே இருக்கட்டும், ஒயரை இழுத்துக்கொள்ளுங்கள்” என்றார் கடைக்காரர். 100 மீட்டர் இழுப்பதற்கு முன் வீட்டு வாசலில் 20 மீட்டர் ஒயரை வைத்துச் சோதித்தேன். சாதாரண 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். பேட்டரி முனையில் மல்டிமீட்டர் 12.4 காட்டியது, பம்ப் முனையில் 9 வோல்ட்டைச் சுற்றியே முள் நின்றது. போக 20, வர 20 என்று 40 மீட்டர் செம்பைக் கடக்க வேண்டியிருப்பதால் 3 வோல்ட்டுக்கு மேல் ஒயரே தின்றுவிடுகிறது. பம்ப் சுரத்தில்லாமல் முனகியது. ஆகவே பேட்டரி கிணற்றடிக்குப் போனது, பூட்டுப் போட்ட தகரப் பெட்டிக்குள். நீட்டியது ஓஸ் பைப்பை மட்டுமே.

கோடையில் நீர்மட்டம் 5 மீட்டருக்குக் கீழே இறங்கியதும் பம்ப் வெறும் காற்றை மென்றது. காற்றழுத்தம் தள்ளித்தான் உறிஞ்சு குழாயில் நீர் ஏறுகிறது; ஏட்டுக்கணக்கிலேயே 10.3 மீட்டர்தான் உச்சம். இந்தக் குட்டி பம்புகள் அதில் பாதியிலேயே கைவிரித்துவிடுகின்றன. பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கூடையில் பம்பைக் கட்டி, நீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டேன். இந்த வகை நனையக் கூடாது என்பதால் மேலே ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்திருக்கிறேன். பேட்டரியிலிருந்து கூடை வரைக்கும் தடித்த ஒயர், 4 சதுர மில்லிமீட்டர்.

முடிச்சூர் முதல் மாடி

எங்களுடையது 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவில் முழங்காலுக்கு மேல் வெள்ளம், மின்சாரம் இல்லை, எங்கள் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூழ்கி உள்ளே சாக்கடை கலந்துவிட்டது. எதிர் வரிசையில் மேட்டில் கட்டிய வீட்டின் கிணறு மட்டும் தப்பியது. அந்த வீட்டு அக்கா, “எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள், எப்படி எடுப்பாய் என்பதுதான் கேள்வி” என்றார்.

இன்வெர்ட்டரில் வீட்டு மோட்டாரை ஓட்டலாமே என்று பலர் கேட்கிறார்கள். மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் ஓவர்லோடு என்று அலறி அணைந்துவிடும். 12 வோல்ட் பம்பை இன்வெர்ட்டரின் பேட்டரியிலேயே நேராக மாட்டலாம். 150 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் 5 ஆம்பியர் பம்ப் 15 மணி நேரம் ஓடும். சுமார் 4,500 லிட்டர். ஆனால் தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. 20 நிமிடம் ஓட்டி, 10 நிமிடம் ஆறவிட்டோம்.

பேட்டரியை என் கணவரும் மாமனாரும் தலைச்சுமையாக வெள்ளத்தைக் கடந்து அக்கா வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோனார்கள். நிறைய எடை, இதை யாரும் சொல்வதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஓஸ் பைப்பின் இணைப்பு எதுவும் வெள்ளத்துக்குள் கிடக்கக் கூடாது. பம்பை நிறுத்தியதும் நீர் பின்னோக்கி இறங்கும், அப்போது தளர்ந்த கிளாம்ப் வழியாக வெளியே இருக்கும் சாக்கடையை உள்ளே இழுத்துவிடும். நாங்கள் இணைப்பை கேட் கம்பியின் உச்சியில் கட்டினோம். அந்தத் தண்ணீரும் குளிக்க, கழுவ மட்டும்தான், குடிக்கக் கேன்.

பெரம்பூர் ஃபிட்டர் (ஓய்வு)

இருவரும் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் இருவருமே பைப்பின் விட்டத்தைச் சொல்லவில்லை. எல்லோரும் பம்பின் சக்தியைத்தான் கேட்கிறார்கள், எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். சென்னை தட்டையான ஊர். இங்கே நீரை ஏற்றுவதைவிட நகர்த்துவதற்குத்தான் செலவு.

கணக்கு இதோ. நிமிடத்துக்கு 5 லிட்டர், 100 மீட்டர் நீளம். உள்விட்டம் அரை அங்குலம் என்றால் உராய்விலேயே சுமார் 5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் சக்தி போய்விடும். முக்கால் அங்குலம் என்றால் 1 மீட்டருக்கும் குறைவு. ஒரு அங்குலம் என்றால் 20 சென்டிமீட்டர்கூட இல்லை. விட்டத்தை இரட்டித்தால் இழப்பு ஏறத்தாழ 30-இல் ஒரு பங்காகிறது. அதே பைப்பில் நீரின் அளவை இரட்டித்தால் இழப்பு மூன்றரை மடங்காகிறது. 2004 முதல் வீராணம் ஏரி நீர் 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து நம் ஊருக்கு வருகிறதே, அந்தக் குழாயில் ஆள் நடக்கலாம். காரணம் இதே கணக்குதான். பணம் இருந்தால் பைப்பில் போடுங்கள், பம்பில் அல்ல.

டயஃப்ரம் பம்பாவது அழுத்தம் தாங்கித் தள்ளும். படகில் தேங்கும் நீரை இறைக்கும் வகையை நீளமான பைப்பில் மாட்டினால் ஏமாற்றம்தான்.

பள்ளிக்கரணை அடுக்ககம்

ஐயா சொன்ன கடைசி வரி எங்கள் கதை. எங்கள் கார் நிறுத்துமிடம் தெருவைவிட ஒன்றரை மீட்டர் தாழ்வு. மழைக்கு மழை குளம். சங்கத்தில் பணம் திரட்டி, மணிக்கு 4,000 லிட்டர் என்று அட்டையில் போட்ட படகு பம்ப் வாங்கினார்கள். வடிகாலுக்கு 40 மீட்டர். ஒரு அங்குல பைப்பின் மறுமுனையில் வந்த நீர் குழந்தைக்குக் கை கழுவக் காணும். அந்த 4,000, பைப்பே இல்லாமல் அளந்தது என்று பிறகுதான் புரிந்தது.

மறைமலைநகர் பக்கத்து விவசாயி ஒருவர் வயலில் போடும் 2 அங்குல பிளாட் ஓஸைக் கொடுத்தார். பம்ப் அதேதான், பேட்டரியும் அதேதான். ஓஸ் உருண்டு திரண்டு எழுந்து, வடிகால் வாயில் தடிமனாகக் கொட்டியது. கவனிக்க வேண்டியது ஒன்றே: எங்கும் மடியக் கூடாது, கார் சக்கரம் ஏறக் கூடாது. ஏறியது, அதற்கும் ஒரு கூட்டம் நடந்தது.

மாதவரம் மனைக்காரன்

ஐயா, என்னுடையது முக்கால் அங்குலம். சில நாள் காலையில் பம்ப் ஓடுகிறது, மறுமுனையில் வெகுநேரம் ஒன்றும் வருவதில்லை. அப்புறம் துப்பித் துப்பி வருகிறது. இரண்டாவது பம்பைப் பாதி வழியில் சேர்க்கட்டுமா? சோலார் பேனலை நேராக மாட்டலாமா?

பெரம்பூர் ஃபிட்டர் (ஓய்வு)

தம்பி, அது ஏர் லாக். பைப் எங்கோ மேடேறி இறங்குகிறது, அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்கிறது. மேட்டைச் சமன் செய், அல்லது அந்த இடத்தில் ஒரு டி (மூன்று வாய் இணைப்பு) போட்டுச் சின்ன வால்வ் வை. காலையில் திறந்து, காற்று சீறி நீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடு. கிணற்றுப் பக்கம் ஒரு என்ஆர்வி (நீரைத் திரும்ப விடாத வால்வ்) போட்டால் இரவில் பைப் காலியாகாது, பாதித் தொல்லை குறையும்.

இரண்டாவது பம்ப் இப்போது வேண்டாம். என்றாவது தூரம் கூடினால் நடுவே ஒரு டிரம் வைத்து, அதிலிருந்து அடுத்த பம்ப் எடுக்கட்டும். பைப்போடு பைப்பாகச் சேர்த்தால், முன்னது சற்றுத் தளர்ந்தாலும் பின்னது ஓஸை உறிஞ்சிச் சப்பையாக்கிவிடும்.

பேனலை நேராக மாட்டாதே. 12 வோல்ட் பேனல் என்று விற்பது உச்சி வெயிலில் 17, 18 வோல்ட் வரை போகும். பம்ப் வெறிகொண்டு ஓடிச் சூடேறும், மேகம் வந்தால் நின்றுவிடும். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கண்ட்ரோலர் வழியாக, இருக்கும் பேட்டரிக்கே கொடு.

மாதவரம் மனைக்காரன்

சரி ஐயா. கிணற்றுக்குப் பக்கத்தில் வேப்பமரம் இருக்கிறது, பேனலை அதன் கிளையில் கட்டினால் திருடர் கைக்கு எட்டாது என்று சித்தப்பா சொல்கிறார்.

பெரம்பூர் ஃபிட்டர் (ஓய்வு)

வெயிலுக்கும் எட்டாது என்று சித்தப்பாவிடம் சொல். கிணற்று மூடியின் இரும்புச் சட்டத்தில் தெற்குப் பார்த்துச் சற்றே சாய்த்து, போல்ட் தலையை வெல்டிங் வைத்துவிடு.