மறு: எமுலேட்டருக்குத் தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கேரள எல்லையில் உள்ள எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் பழைய கணினிக் கண்காட்சி வைக்கிறோம். 80களில் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி ஒன்று கிடைத்திருக்கிறது. 48 கே.பி., ரப்பர் பொத்தான், ஆனால் உயிர் இல்லை. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் எமுலேட்டர் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டுப் பிள்ளைகளை விளையாட விடப் போகிறோம். விளக்க அட்டை இரண்டு மொழியிலும் வேண்டும். மலையாளம் டீச்சர் 'எமுலேட்டர்' என்றே எழுதி ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். நான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். பொள்ளாச்சி அச்சகத்துக்கு வெள்ளி காலை கோப்பு போயாக வேண்டும்.

'முன்மாதிரி' சரிவராது, அது மாடல். 'பாவிப்பி' என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பெண் 'பாவி' வரை படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். 'ஒப்புருவாக்கி'யை ஏற்கெனவே சிமுலேட்டர்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சித்தூரிலிருந்து:

டீச்சர், உங்கள் தாலுகா சித்தூர் இல்லை, ஆந்திரச் சித்தூர். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பிடிப்போம். சிமுலேட்டர் விளைவைக் காட்டினால் போதும். விமானி பழகும் கூண்டு ஆகாயத்தில் ஏற வேண்டியதில்லை. எமுலேட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. பழைய நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வாங்கி, 'நீ ஓடுவது ஸ்பெக்ட்ரமின் இசட்80 சில்லில்தான்' என்று அதை நம்பவைக்க வேண்டும். உங்கள் 48 கே.பி. ஸ்பெக்ட்ரமில் திரை ஒரு தடவை வரைந்து முடிய 69,888 கடிகாரத் துடிப்பு. நொடிக்கு ஏறக்குறைய 50 திரை. இந்தக் கணக்கு பிசகினால் பாட்டு இழுக்கும்.

பழுதையும் விடக்கூடாது. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் 55 பூச்சிகள். அந்த இயந்திரம் ஒரு திரைக்கு ஒரு பூச்சியைத்தான் நகர்த்தும். சுடச் சுட எண்ணிக்கை குறையும், மிச்சம் உள்ளவற்றுக்கு முறை சீக்கிரம் வரும், ஓட்டம் கூடும். கடைசிப் பூச்சி பறக்கிறதே, அந்தப் படபடப்பு முழுக்க சில்லின் இயலாமை. பேக்மேனில் 256ஆம் கட்டத்தில், கட்டத்தை எண்ணும் எட்டு பிட் எண்ணி நிரம்பி வழிந்து திரையின் வலப்பாதி குப்பையாகிவிடும். அதைத் திருத்திக் கொடுத்தால் நல்ல விளையாட்டு கிடைக்கும், எமுலேட்டர் கிடைக்காது.

எனவே பார்த்துச் செய்வது, குறையோடு செய்வது இரண்டும் சொல்லில் வர வேண்டும். தெலுங்கில் மிமிக்ரியை 'த்வன்யனுகரணம்' என்பார்கள். மலையாளத்திலும் அனுகரணம் உண்டு. 'அனுகரணி' என்று வைத்தால் எல்லையின் இரண்டு பக்கமும் விளங்கும்.

செங்கோட்டையிலிருந்து:

> 'அனுகரணி' என்று வைத்தால்

தம்பி, அதை ஆந்திரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. துணிவுதான் இல்லை. உண்ணுவது உண்ணி, கொல்லுவது கொல்லி, உலாவுவது உலாவி. அப்படியானால் போல நிற்பது? போல் + இ = போலி. முடிந்தது கதை.

'போலி என்றால் கள்ளச் சரக்கு' என்று ஓடி வருவீர்கள். அது கடைத்தெரு ஏற்றிய அழுக்கு. இலக்கணத்தில் போலி என்பது என்ன? ஓர் எழுத்தின் இடத்தில் வேறெழுத்து வந்து நின்று, பொருள் மாறாமல் காப்பது. அறம் என்றாலும் அறன் என்றாலும் ஒன்றே. மகரம் போய் னகரம் வந்தும் அறத்துக்குக் குறைவில்லை. இசட்80 போய் வேறு சில்லு வந்தும் ஆட்டம் மாறவில்லை என்று தம்பி மேலே எழுதியிருப்பது இதைத்தானே? இல்முன் என்பது முன்றில் ஆயிற்று, இல்வாய் வாயில் ஆயிற்று. இடம் மாறி நின்றாலும் இலக்கணமுடையது போலவே கொள்ளப்படுவதால் இலக்கணப்போலி. இதைவிடப் பொருத்தமாக, எமுலேட்டர் என்ற சொல்லை உண்டாக்கிய ஐ.பி.எம்.காரனாலும் சொல் செய்ய முடியாது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

ஐயா, இலக்கணம் சரிதான். 'ஸ்பெக்ட்ரம் போலி' என்று அட்டை வைத்தால் பி.டி.ஏ. கூட்டத்தில் நான்தான் நிற்க வேண்டும். அதுவும் போக, இங்கே பிள்ளைகளுக்கு எது பிடித்தாலும் 'பொளி', ரொம்பப் பிடித்தால் 'அடிபொளி'. போலியைப் பொளி என்று படித்துவிட்டு, பக்கத்தில் பாயசம் எங்கே என்று போளிக்கும் கேட்பார்கள்.

மூணாறிலிருந்து:

அண்ணாச்சி சொல்லுக்கு எதிரா பேசல. கடைக்காரன் கதை ஒண்ணு மட்டும்.

90கள்ல டிவி கேம் ரிப்பேர்தான் எனக்குச் சோறு போட்டது. லயத்துப் பிள்ளைங்க மாரியோ, கான்ட்ரா கேசட்டைத் தூக்கிட்டு வரும். ஊதி ஊதி எச்சில் பட்டு, கேசட் பல்லெல்லாம் பச்சை பிடிச்சிருக்கும். பென்சில் ரப்பரால தேய்ச்சுக் கொடுத்தா ஓடும், அஞ்சு ரூபா. கேசட்டைத் திறந்தா உள்ளே சில்லே இருக்காது, கருந்தார் பொட்டு மாதிரி ஒண்ணு அப்பியிருக்கும். அந்தப் பெட்டியே ஜப்பான் மிஷினைப் பார்த்துச் செஞ்சதுதான். அதைத்தான் நாங்க 'போலி'ன்னோம், 'டூப்ளிகேட்'னும் சொன்னோம். அப்போ எமுலேட்டருக்கும் போலின்னா, டூப்ளிகேட் பெட்டிக்கு என்ன பேர் வைக்க? ரெண்டும் வேற வேற வேலை. அது இரும்பைக் காப்பி அடிச்சது. இது இரும்பே இல்லாம நடிக்குது.

குப்பத்திலிருந்து:

மூணாறு அண்ணன் கேட்டது நியாயம். போல் என்ற வேரை விடாமல், கறையை மட்டும் கழற்றலாம். செய்யுளில் போலும் என்பது 'போன்ம்' என்று வரும். அதிலிருந்து 'போன்மி'. புதுச்சொல், கேட்டவுடன் வேறெதுவும் நினைவுக்கு வராது.

செங்கோட்டையிலிருந்து:

நினைவுக்கு வருகிறது, ஐயா. நன்னூல் வருகிறது. 'ணனமுன்னும் வஃகான் மிசையும் மக்குறுகும்.' போன்ம் என்பதில் அந்த மகரம் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறுகிக் கிடக்கிறது. அதன் தலையில் இகரத்தை ஏற்றி முழு உயிர்மெய் ஆக்கியிருக்கிறீர்கள். அதுகூடப் பரவாயில்லை. போன்ம் என்பது வினைமுற்று. முற்றின் மேல் விகுதி ஏற்றிப் பெயர் செய்வது எந்த ஊர் வழக்கம்? வரும் என்பதிலிருந்து 'வருமி' பிறக்குமா?

குப்பத்திலிருந்து:

'செயலி' பிறந்ததே. செயல் வேர் இல்லையே, அதன்மேல் இகரம் ஏறவில்லையா? கைபேசி வைத்திருக்கிற எல்லோரும் சொல்கிறார்கள்.

செங்கோட்டையிலிருந்து:

செயல் பெயர். பெயர்மேல் இகரம் ஏறும். வில்லை உடையவன் வில்லி. முற்றின்மேல் ஏறாது. ஏறாது என்றால் ஏறாது.

(போகிற போக்கில்: ஜாய்ஸ்டிக்குக்கு 'ஆட்டுக்கோல்' என்று யாரோ போன மாதம் எழுதியிருந்தார்கள். அது இடையன் கையில் இருப்பது. இதையும் விடப்போவதில்லை.)

சித்தூரிலிருந்து:

ஐயா சொல்வது இலக்கணப்படி சரி என்று எனக்கே படுகிறது. ஆனாலும் போன்மிக்குத்தான் என் ஓட்டு. சரியான சொல்லை அட்டையில் போட முடியவில்லை, போடக்கூடிய சொல் சரியாக இல்லை. பிழையோடு ஓடுவதுதானே எமுலேட்டர், சொல்லும் அப்படியே ஓடட்டும். அனுகரணியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வியாழன் இரவு பதினொன்று. தனி மடலில் வந்ததையும் சேர்த்து எண்ணினேன். போன்மிக்கு நான்கு, எமுலேட்டரே இருக்கட்டும் என்று மூன்று, போலிக்கு ஒன்று. அட்டையில் 'போன்மி' என்று பெரிதாகவும், கீழே சிறிய எழுத்தில் 'எமுலேட்டர்' என்றும் போட்டுவிட்டேன். தலைமையாசிரியை பார்த்துவிட்டு, 'இது அந்த மி போன் கம்பெனிக்கார விளம்பரமா? ஸ்பான்சர் வாங்கினதைச் சொல்லவே இல்லையே' என்றார்.

குப்பத்துத் தம்பி, வேறெதுவும் நினைவுக்கு வராது என்றீர்களே.

செங்கோட்டையிலிருந்து:

என் மறுப்பைக் குழுவின் சொல்தொகுப்பில் போலி என்ற சொல்லோடு சேர்த்துப் பதிய வேண்டுகிறேன்.

மூணாறிலிருந்து:

டீச்சரே, கண்ணாடிப் பெட்டியை மூடுறதுக்கு முன்ன ஒண்ணு. ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் அடாப்டர், ஆனா அந்த அடாப்டர் பின்னுக்கு உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். இப்போ கடைல கிடைக்கிறது பெரும்பாலும் தலைகீழா இருக்கும். 'உயிர் இல்லை'ன்னு எழுதியிருந்தீங்க. எந்த அடாப்டரைப் போட்டுப் பார்த்தீங்க?