நாலு எக்ஸ்ரேயிலும் ஒரே இடத்தில் வெள்ளைத் திட்டு: சி.டி. ஆஞ்சியோ எங்கே எடுக்கலாம்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, அம்பாசமுத்திரத்துல இருந்து எழுதுதேன்.

மகளுக்கு 6 வயசு. 2 வருஷத்துல மூணு தடவை நிமோனியா. மருந்து கொடுத்தா தெளிஞ்சிரும், சில மாசத்துல திரும்ப காய்ச்சல், இருமல். ஆத்துல குளிக்க விட்டதுதான் காரணம்னு ஆச்சி என்னையத்தான் ஏசுதா.

போன வாரம் எக்ஸ்ரே நாலையும் ஜன்னல் வெளிச்சத்துல வரிசையாப் பிடிச்சுப் பார்த்தேன். இடது நுரையீரல் அடியில, முதுகெலும்பை ஒட்டி, அதே வெள்ளைத் திட்டு. அதுல ஒண்ணு, அவ நல்லா ஓடியாடிட்டு இருந்தப்ப எடுத்தது!

டிபி டெஸ்ட் நெகட்டிவ். ஆஸ்துமான்னு 8 மாசம் இன்ஹேலர், பிரயோஜனமில்லை. எக்கோ நார்மல். பாளையங்கோட்டையில, ரத்தக்குழாயைத் தெளிவாக் காட்டுற காண்ட்ராஸ்ட் மருந்து ஏத்தாம ஒரு சி.டி. எடுத்தோம், 'கட்டியாக இருக்கலாம்'னு மட்டும் ரிப்போர்ட்.

இப்ப பார்க்குற டாக்டர், பிறவியிலயே வர்ற 'பல்மனரி சீக்வெஸ்ட்ரேஷன்'னு சந்தேகப்படுதாரு. மூச்சுக்குழாயோட சரியாச் சேராத நுரையீரல் துண்டு அது. ரத்தம் மகாதமனியில இருந்து தனிக்குழாய்ல நேரா வருமாம். அந்தக் குழாய் எங்கேன்னு தெரியாம ஆபரேஷன்ல கை வச்சா ரத்தம் கொட்டிரும், அதனால அந்த மருந்தை ஏத்தி ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கிற சி.டி. ஆஞ்சியோ கட்டாயம்ங்காரு.

சின்னப் பிள்ளைக்கு இதை எடுத்து, குழந்தைங்க நெஞ்சுப் படம் பார்த்துப் பழகின ரேடியாலஜிஸ்ட்டே ரிப்போர்ட் தர்ற இடம் திருநெல்வேலி, மதுரை, திருவனந்தபுரம் இதுல எங்க இருக்கு?