பிங்கோ அரங்கில் பார்த்து இன்னும் உறுத்துகிற ஒரு தருணம், பகிருங்கள்

கட்டம்27
பிரிட்டனில் ஓர் அரங்கு. சொல்லும் எண்ணை டிக்கெட்டில் தேடிக் குறிக்கும் 90 எண் ஆட்டம். ஒரு வரிசை, இரண்டு வரிசை நிறைப்பதற்கான லைன் பரிசு இரண்டும் போய், டிக்கெட் முழுவதும் நிறைய வேண்டிய ஃபுல் ஹவுஸுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. காகிதத்தில் ஆடிய ஒரு பெரியவருக்கு 62 வந்ததும் டிக்கெட் நிறைந்துவிட்டது. எண்ணின்மேல் பொட்டுவைக்கும் தடித்த மைப்பேனாவை ஊன்றினார், ஒருமுறை சரிபார்த்தார், வாயைத் திறந்தார். அதற்குள் 17 சொல்லியாகிவிட்டது. அந்த 17-இல் வேறொரு மேசையின் டேப்லெட் நிறைந்து பரிசு அங்கே போனது. அந்த அரங்கின் விதி அப்படி: டிக்கெட்டை நிறைத்த எண்தான் கடைசியாகச் சொன்ன எண்ணாக இருக்க வேண்டும், அடுத்தது வந்துவிட்டால் உரிமை போச்சு. விதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் காகிதத்தில் கேட்பது, தேடுவது, குறிப்பது, குரல் கொடுப்பது என நான்கு வேலை. டேப்லெட்டில் முதல் மூன்றையும் கருவியே செய்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் ஒரே வேகத்தில் எண் சொல்வது எப்படி நியாயம்?

ஆறுதாள்
வேகத்தைவிட, தேடும் முறை தெரியாததுதான் பெரிய காரணம். ஆறு டிக்கெட் சேர்ந்த முழுத் தாளில் 1 முதல் 90 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒருமுறை இருக்கும். ஒரு டிக்கெட்டுக்கு 3 வரிசை, 9 பத்தி. வரிசைக்கு 5 எண், 4 வெற்றுக்கட்டம். முதல் பத்தியில் 1 முதல் 9, அடுத்ததில் 10 முதல் 19, இப்படியே போய்க் கடைசிப் பத்தியில் 80 முதல் 90. ஆக, 62 என்றால் ஏழாவது பத்தியில் மட்டும் கண்ணை மேலிருந்து கீழே ஓடவிட்டால் போதும், அங்கே இருப்பதே பத்து எண்தான். வரிசை வரிசையாகத் தேடுபவர் 90 எண்ணிலும் அலைகிறார். இன்னொன்று: முழுத்தாள் வைத்திருப்பவர் ஓர் எண்ணுக்குக் குறி போடவில்லை என்றால் தவறவிட்டார் என்றே பொருள். "என்னிடம் இல்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் இந்தக் காவல் கிடைக்காது.

மைப்பேனா பற்றியும் சொல்ல வேண்டும். நேராகத் தொட்டு உடனே எடுக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் மை அடுத்த பக்கத்துக்கு ஊறும். புத்தகத்தில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன, காகிதமும் மெலிது. அடுத்த ஆட்டத்தில் அந்தக் கறையைக் குறி என்று நம்பிப் பொய்யாகக் குரல் கொடுத்துவிடுவார்கள். அடியில் உள்ள எண் தெரிகிற இளநிறம் நல்லது. தாள் கொஞ்சம் சாய்வாக இருந்தால் கை எண்ணை மறைக்காது.

காற்றுப்பெட்டி
ஆறுதாள் சொல்வது சரியான பயிற்சிதான், ஆனால் கேட்டது அதை அல்ல. வேகம் உண்மையிலேயே மாறியிருக்கிறது. 1961 முதல் பழைய சினிமாக் கொட்டகைகளில் பிங்கோ பெருகிய காலத்தில் எண் எழுதிய பந்துதான். பந்து காற்றில் துள்ளிக் குழாயில் ஏற வேண்டும், எடுக்க வேண்டும், எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும், தட்டில் அதன் குழியில் வைக்க வேண்டும். அந்த இடைவெளியை யாரும் திட்டமிடவில்லை, இயந்திரமே கொடுத்தது. இப்போது எழுமாற்று எண்ணைக் கணினி எடுக்கிறது. பொத்தானை அழுத்தினால் அடுத்த எண்.

பந்துக்கும் வியாதி உண்டு. ஒரு பந்து மேலே வராமல் அடியிலேயே புரண்டுகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எடுத்துப் பார்த்தால் சிறு பள்ளம். கைப்பிசுக்கும் தூசும் ஏறினாலும் எடை மாறும். கெட்ட பந்தை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் ஒரே மாதிரி துள்ளாது, ஆகவே முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். ஆட்டத்துக்கு முன் தட்டின் 90 குழியும் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது அதற்கும் முன்னால்.

இலவசக்கட்டம்
ஒரு கூட்டத்தில் பத்து விதமான டிக்கெட்டைப் பிரதி எடுத்து முப்பது பேருக்குக் கொடுத்தார்கள். ஒரே எண்ணில் மூன்று கைகள் உயர்ந்தன, பரிசு மூன்றாக உடைந்தது. உயர்த்திய மூவர் முகத்திலும் சிரிப்பில்லை. இது பழைய நோய். அமெரிக்காவில் எட்வின் லோவ் 1929-க்குப் பிறகு விற்ற ஆட்டத்தில் அட்டை வகை குறைவாக இருந்ததால் வெற்றியாளர்கள் குவிந்தார்கள் என்றும், அதனால்தான் கார்ல் லெஃப்லர் என்ற கணிதப் பேராசிரியரிடம் 6,000 வெவ்வேறு அட்டைகள் கேட்டார் என்றும் சொல்வார்கள். அங்கே 5-க்கு 5 கட்டம், 75 எண், நடுக்கட்டம் இலவசம்.

கணினியில் டிக்கெட் அச்சிடுகிறவர்கள் எண்களைக் கலைத்து அடுக்குவதோடு நிறுத்தாமல், முழுத் தொகுதியிலும் இரட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் தொடர் எண் போடுங்கள். முன்பு 15 எண்ணையும் உரக்க வாசித்துத்தான் சரிபார்ப்பார்கள், இப்போது தொடர் எண்ணைச் சொன்னால் திரையில் அந்த டிக்கெட்டே வரும். நேரமும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: ஒரு குறிப்பிட்ட டிக்கெட் நிறையச் சராசரியாக 85 எண் போக வேண்டும். டிக்கெட் கூடக்கூட யாராவது ஒருவர் சீக்கிரம் முடிப்பார்.

இரண்டுவாத்து
ஆங்கிலத்தில் 13-உம் 30-உம், 15-உம் 50-உம் காதில் ஒன்றாக விழும். 50-க்கு 15 என்று குறித்துவிட்டு ஒருவர் "ஹவுஸ்" என்று எழுந்ததும், வாசித்துப் பார்த்தபோது அரங்கமே அமைதியானதும் கண்ணிலேயே நிற்கிறது. 22-க்கு 'இரண்டு குட்டி வாத்து', 11-க்கு 'கால்கள்' என்ற பட்டப்பெயர்களை வெறும் வேடிக்கை என்று நினைத்துக் கைவிட்டார்கள். அவை காதுக்கு இரண்டாவது வாய்ப்பு. பட்டப்பெயர் வேண்டாம் என்றால் இலக்கங்களைத் தனியாகச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும்: "ஒன்று, ஐந்து, பதினைந்து."

கட்டம்27
இரண்டுவாத்து சொன்ன பிறகுதான் உறைக்கிறது. அன்று 62-ஐ ஒரே ஒருமுறைதான் சொன்னார்கள், இலக்கமாகப் பிரிக்கவில்லை. பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் "அறுபத்திரண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை ஊன்றினார்.