கீரையை நிறுத்தியும் ஆக்சலேட் குறையவில்லை: கல்லீரல் அதை எப்படி உருவாக்குகிறது?

கேள்வி
என் தந்தைக்கு இரண்டாம் முறையாகச் சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. கால்சியம் ஆக்சலேட் கல் என்று பரிசோதனையில் தெரிந்தது. பசலைக்கீரை, முந்திரி ஆகியவற்றோடு, அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டுத் தக்காளியையும் நிறுத்திவிட்டோம். ஆனாலும் 24 மணி நேரச் சிறுநீரில் ஆக்சலேட் 52 மி.கி. இருக்கிறது. கல்லீரலே இதை உற்பத்தி செய்கிறது என்று மருத்துவர் கூறினார். எதிலிருந்து, எதற்காக என்பதை யாராவது விளக்க இயலுமா?

மறுமொழி 1
ஆக்சலேட்டால் நம் உடலுக்குப் பயன் எதுவும் இல்லை; அது வளர்சிதைமாற்றத்தின் கடைசியில் மிஞ்சும் கழிவு. அதை உடைக்கும் நொதி மனிதரிடம் இல்லாததால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரில் காணப்படும் ஆக்சலேட்டில் ஏறத்தாழப் பாதி, சிலரிடம் அதற்கு மேலும், உடலுக்குள்ளேயே உண்டாவது.

அதற்கு நேர் முந்தைய பொருள் கிளையாக்சிலேட். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் இடைவிடாமல் சிதைந்து புதுப்பிக்கப்படும்போது வெளிப்படும் ஹைட்ராக்சிபுரோலின் என்னும் அமினோ அமிலம், செல்லின் மைட்டோகாண்டிரியாவில் உடைந்து கிளையாக்சிலேட்டைத் தருகிறது. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் பெராக்சிசோம் என்னும் நுண்ணுறுப்பில் கிளைக்கோலேட் ஆக்சிடேஸ் என்னும் நொதியும், கிளைக்கோலேட்டிலிருந்து அதையே உண்டாக்குகிறது. அதே பெராக்சிசோமில் இருக்கும் ஏஜிடி என்னும் நொதி, அலனினின் அமினோ தொகுதியை எடுத்துச் சேர்த்து, வைட்டமின் பி6 துணையோடு கிளையாக்சிலேட்டைத் கிளைசின் என்னும் தீங்கற்ற அமினோ அமிலமாக்கிவிடுகிறது. இதனிடமிருந்து தப்பிச் சைட்டோசாலுக்கு (செல்லின் நீர்மப் பகுதிக்கு) வந்து சேரும் பகுதியைத்தான் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி ஆக்சலேட்டாக மாற்றுகிறது. ஊன் உண்ணும் விலங்குகளில் ஏஜிடி பெரும்பாலும் மைட்டோகாண்டிரியாவில் இருப்பது, ஹைட்ராக்சிபுரோலின் மிகுந்த அவற்றின் உணவுக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

தக்காளியில் ஆக்சலேட் குறைவு. அதை ஒதுக்க வேண்டியதில்லை.

கேட்டவர்
மிக்க நன்றி. தந்தை சளி பிடிக்காமல் இருக்க வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 2
உண்டு. உடலில் வைட்டமின் சி சிதையும்போது அதன் ஒரு பகுதி நொதியின் உதவி இல்லாமலே ஆக்சலேட்டாகிறது. ஆகவே நாளொன்றுக்கு 1000 மி.கி. அளவில் மாத்திரை எடுப்பவருக்குச் சிறுநீர் ஆக்சலேட் உயரக்கூடும். எலுமிச்சை, நெல்லிக்காயை உணவாக உண்பதை நான் இதில் சேர்க்கவில்லை. மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்திய பிறகு, மறுபடியும் 24 மணி நேரச் சிறுநீரைச் சோதித்துப் பாருங்கள். கல்லில் கால்சியம் இருக்கிறதே என்று தயிரையும் பாலையும் நிறுத்துவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு: உணவோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால், உறிஞ்சப்படும் அளவு குறைகிறது.

மறுமொழி 3
ஏஜிடி நொதியே பிறவியில் குறைபட்டிருந்தால் அது முதல்வகை முதன்மை ஹைப்பராக்சலூரியா, அதாவது சிறுநீரில் ஆக்சலேட் மிகும் மரபு நோய். 1986-இல் இக்காரணம் கண்டறியப்பட்டது. அந்நோயில் சிறுநீர் ஆக்சலேட் பெரும்பாலும் 100 மி.கி.யைத் தாண்டும் என்பதால், 52 என்ற அளவை மட்டும் கண்டு அஞ்ச வேண்டாம். அந்நோயாளிகளில் சிலருக்கு நொதி உருவாகியும், பெராக்சிசோமுக்குப் போகாமல் மைட்டோகாண்டிரியாவுக்குப் போய்விடுகிறது. இவர்களில் பலருக்கு பி6 பலன் தருகிறது. 2020-இல் ஒப்புதல் பெற்ற லுமாசிரான் என்னும் மருந்து, கிளைக்கோலேட் ஆக்சிடேஸ் உருவாவதையே தடுத்து, கிளையாக்சிலேட் சேர்வதைக் குறைக்கிறது. சிறு வயதிலேயே கல், குடும்பத்தில் சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை இருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிச் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள்.