மறு: ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் ‘மெய்டன் சர்நேம்’ – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

‘மெய்டன் சர்நேம்’, அதாவது பெண் பிறந்த குடும்பத்தின் பெயர், நம் கையேட்டில் தமிழில் எப்படி வர வேண்டும் என்ற இழை முழுவதையும் படித்தேன். கன்னிப் பெயர், தந்தைவழிப் பெயர், மணத்துக்கு முந்தைய பெயர், பிறந்தவீட்டுப் பெயர் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ‘பிறந்தகப் பெயர்’ என்பதை முன்வைக்கிறேன். நாம் தமிழாக்கும் கையேடு ஸ்காட்லாந்துக் குடும்ப வரலாறு தேடுவோருக்கானது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் அந்த ஊர்ப் பதிவேட்டில் பொருத்திப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். காரணம் இருக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதியும் குடிமைப் பதிவு இங்கிலாந்தில் 1837இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 அன்றுதான். தாமதமாக வந்தாலும் கேள்விகள் அதிகம். முதல் ஆண்டின் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், அவர்கள் மணந்த நாளும் இடமும், குழந்தைக்கு முன் பிறந்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதுவரை எழுதியிருப்பார்கள். பதிவாளர்களுக்குச் சுமை தாங்கவில்லை. 1856இலேயே பலவற்றைக் குறைத்துவிட்டார்கள். பெற்றோரின் திருமண விவரம் மட்டும் 1861இல் பிறப்புப் பதிவுக்குத் திரும்ப வந்தது.

ஆனால் அந்தக் குறைப்பிலும் கைவைக்கப்படாத கட்டம் ஒன்று உண்டு: தாயின் மெய்டன் சர்நேம். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றிலும் அது இருக்கும். திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவரின் தாய்மாருக்கும் தனித்தனியாக இருக்கும். அதே காலத்து இங்கிலாந்துத் திருமணப் பதிவு தந்தையின் பெயரோடு நின்றுவிடும்; இறப்புப் பதிவில் பெற்றோர் பெயருக்கே இடம் கிடையாது. 1855இல் எண்பது வயதில் ஒரு மூதாட்டி ஸ்காட்லாந்தில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். தகவல் தந்தவருக்குக் குடும்பம் நன்றாகத் தெரிந்திருந்தால், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த அவருடைய தாயின் பெயர் அந்த ஒரு பக்கத்தில் கிடைத்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டுதான் 1855க்கு முந்தைய பங்குப் பதிவேடுகளுக்குள், அதாவது தேவாலயப் பங்குகள் வைத்திருந்த ஏடுகளுக்குள், போக முடியும். தகவல் தந்தவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் கட்டம் காலியாகவோ தவறாகவோ இருக்கும். அதனால் அவர் யார், என்ன உறவு என்பதைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

> கன்னிப் பெயர் எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும் என்பதுதான் சிக்கல். தமிழில் ‘கன்னி’ மணமாகாத நிலையோடு நிற்காமல் கற்பையும் சேர்த்துச் சொல்லிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், குறிப்பாக பான்ஃப்ஷயர், அபர்டீன்ஷயர் பகுதிகளில், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள் மிக அதிகம். பெற்றோர் பின்னால் மணந்துகொண்டால் குழந்தைக்கு முழு உரிமை உண்டு என்பது அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டம். இப்படிப்பட்ட ஒரு தாயின் பெயருக்கு எதிரே ‘கன்னிப் பெயர்’ என்று அச்சிட எனக்கு மனம் வரவில்லை. தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி வருகிறவர் அதைப் படிக்கப் போகிறார்.

> தந்தைவழிப் பெயர் என்றால் துல்லியமாக இருக்குமே.

இரண்டு இடங்களில் இது உடைகிறது. மணமாகாத தாயின் குழந்தைக்குத் தந்தை நேரில் வந்து தாயோடு சேர்ந்து கையெழுத்திட்டால்தான் அவர் பெயர் பதிவில் ஏறும். இல்லையென்றால் குழந்தை தாயின் குடும்பப் பெயரையே தாங்கும். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்து, வளர்ந்து, மணம் முடித்தால், அவருடைய பிறவிப் பெயர் தந்தைவழியில் வந்ததல்ல. இரண்டாவது, வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகள். அங்கே தந்தையின் முதற்பெயரோடு ‘சன்’, ‘டாட்டர்’ சேர்த்துப் பிள்ளைகளை அழைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. மேக்னஸின் மகள் மேக்னஸ்டாட்டர். ‘தந்தைவழிப் பெயர்’ என்ற சொல் அந்த வழக்கத்துக்குத்தான் வேண்டும். அதை இங்கே செலவழித்துவிட்டால் ஷெட்லாந்து அத்தியாயத்தில் கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

‘மணத்துக்கு முந்தைய பெயர்’ கைம்பெண்ணின் மறுமணத்தில் விழுகிறது. ஜேனட் காம்பெல் முதலில் ஒரு ஃபிரேசரையும், அவர் இறந்தபின் ஒரு ரீடையும் மணக்கிறார். இரண்டாம் மணத்துக்கு முந்தைய பெயர் எது? ஃபிரேசர். நமக்கு வேண்டியதோ காம்பெல்.

‘பிறந்தவீட்டுப் பெயர்’ மிக அருகில் வருகிறது. பரிந்துரைத்த அம்மாவுக்கு நன்றி. என் சொல்லுக்கு விதை அதுதான். ஆனால் வீட்டுப் பெயர் என்றால் நம்மில் பலருக்கு வீட்டில் செல்லமாக அழைக்கும் பெயர் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்துப் பதிவுகளில் செல்லப் பெயர்கள் வேறு நிறைய வருகின்றன. ஜெசி என்று ஒரு பதிவிலும் ஜேனட் என்று இன்னொன்றிலும் ஒரே பெண் இருப்பார். இரண்டையும் வாசகர் குழப்பிக்கொள்வார்.

பிறந்தகம் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. பெண் பிறந்த குடும்பம் என்பது மட்டுமே பொருள். எத்தனை மணம் நடந்தாலும், தந்தை பெயர் பதிவில் ஏறாவிட்டாலும் பிறந்தகம் மாறாது. கொஞ்சம் பழைய சொல் என்பது உண்மை. ஆனால் அகராதியைப் புரட்ட வேண்டிய சொல் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இது உதவும். 1841 கணக்கெடுப்பில் உறவுமுறைக்கே கட்டம் கிடையாது. பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். ஒரு வீட்டில் நாற்பது வயது வில்லியம் ரீட், அடுத்த வரியில் முப்பத்தைந்து வயது ஜேனட் காம்பெல். அவர் மனைவியா, வேலைக்காரரா, குடியிருப்பவரா? ஸ்காட்லாந்தில் மணமான பெண்களைப் பிறந்தகப் பெயராலேயே எழுதிய கணக்கெடுப்பாளர்களும் உண்டு என்று தெரிந்தால்தான் மனைவியாக இருக்கலாம் என்றே தோன்றும். உறவுமுறையும் பிறந்த பங்கும் 1851இல்தான் வருகின்றன.

இணைச்சொல்லாக, மணமாகிப் புகுந்த வீட்டைக் குறிக்கும் ‘புக்ககப் பெயர்’ வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓசை நயமாக இருக்கிறது; ஆனாலும் வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்காட்லாந்துச் சட்டம் மணமான பெண்ணின் சொந்தப் பெயரைப் பறிக்கவில்லை. சட்ட ஆவணங்களில் பிறந்தகப் பெயரே முதலில், கணவர் குடும்பப் பெயர் பின்னால். ‘கணவர் குடும்பப் பெயர்’ என்று நேராகச் சொன்னாலே போதும்.

அந்த ஆவணங்களில் இரண்டு பெயருக்கும் நடுவே ‘ஆர்’ என்று இருக்கும்: ஜேனட் காம்பெல் ஆர் ஃபிரேசர். இப்போதைய வரைவில் இது ‘அல்லது’ என்று வந்திருக்கிறது. அவசியம் மாற்ற வேண்டும். எழுத்தருக்குப் பெயர் உறுதியாகத் தெரியவில்லை என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இரண்டும் அவர் பெயர்தான். நம் பத்திரங்களில் இருக்கும் ‘என்கிற’ பொருந்துகிறது: ஜேனட் காம்பெல் (எ) ஃபிரேசர்.

அப்புறம் சுருக்கக் குறி. மூலத்தில் மெய்டன் சர்நேமின் சுருக்கமாக ‘எம்.எஸ்.’ என்று இருப்பதை அப்படியே வைத்தால் தமிழர் கண்ணுக்கு அது தலைப்பெழுத்து, ‘எம்.எஸ். காம்பெல்’ என்று ஒரு ஆளையே உருவாக்கிவிடுவோம். நமக்கு த/பெ, க/பெ பழக்கம். அதே அச்சில் பிறந்தகப் பெயருக்குப் பி/பெ என்று போடலாம். ‘ஜேனட் ரீட், க/பெ வில்லியம், பி/பெ காம்பெல்’ என்று ஒரே வரியில் அடங்கிவிடும். 1929 முதல் பிறப்புப் பதிவு அட்டவணையிலேயே தாயின் பிறந்தகப் பெயர் இருப்பதால், அந்தப் பகுதியின் மாதிரிப் படங்களுக்கும் பி/பெ வசதியாக இருக்கும்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. த/பெ, க/பெ உங்கள் வழக்கிலும் உண்டா? இல்லையென்றால் முதல் பக்கத்தில் குறிவிளக்கம் சேர்க்கிறேன். ‘குடிசன மதிப்பு’ என்பதையும் ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு’ அருகில் தருவது நல்லது.

அடுத்து ‘ரெஜிஸ்டர் ஆஃப் கரெக்டட் என்ட்ரீஸ்’. வரைவில் ‘திருத்திய பதிவேடு’ என்று இருக்கிறது. மூலப் பதிவை அங்கே யாரும் அழித்துத் திருத்துவதில்லை. ஓரத்தில் குறிப்பு மட்டும் போட்டு, நீதிமன்றம் தந்தையை உறுதிசெய்த தீர்ப்பு, திடீர் மரணத்தின் விசாரணை முடிவு போன்றவற்றைத் தனி ஏட்டில் எழுதினார்கள். ‘திருத்தங்களின் பதிவேடு’ என்றாவது இருக்க வேண்டும். இதற்குத் தனி இழை தொடங்குகிறேன். மறுப்புகளை அங்கே எழுதுங்கள்.

அன்புடன்